கிளமிடியாவின் மரபணு வகை நோயின் தீவிரத்தைச் சொல்லுமா?
திருப்பூரிலிருந்து கேட்டிருக்கும் சகோதரிக்கு: உடலுறவு வழியாகப் பரவும் பாக்டீரியா தொற்றான கிளமிடியா இருப்பதாக முடிவு வந்திருக்கிறது, ஆனால் உடலில் ஒரு தொந்தரவும் இல்லை, அப்படியானால் இது வீரியம் குறைந்த வகையா, மரபணு வகை பார்த்தால் தெரிந்துவிடுமா என்கிறீர்கள். கோவையில் நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்றில் பணிபுரியும் எனக்குத் தெரிந்தவரை, உங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சோதனையால் அது தெரியாது; அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

இக்கிருமியின் வெளிச்சவ்வுப் புரதம் ஒன்றுக்கான மரபணுவை வைத்தே பெரும்பாலும் வகை பிரிக்கிறார்கள். வகைகளை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். ஏ முதல் சி வரை கண்ணைத் தாக்கி டிரக்கோமா என்ற கண்நோயை உண்டாக்குபவை. டி முதல் கே வரை பிறப்புறுப்பிலும் சிறுநீர்த் தாரையிலும் தங்குபவை. பிறப்புறுப்பு வகைகள், அங்குள்ள வேறு பாக்டீரியாக்கள் வெளிவிடும் இண்டோல் என்ற வேதிப்பொருளைக் கொண்டு தமக்கு வேண்டிய டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைத் தயாரித்துக்கொள்ளும். கண் வகைகளுக்கு அந்தத் திறன் இல்லை. ஆக, கிருமி எங்கே பிழைக்கும் என்பதை மரபணு நன்றாகவே காட்டுகிறது.

தீவிரத்தையும் காட்டும் தெளிவான விதிவிலக்கு எல்1, எல்2, எல்3 வகைகள். இவை நிணநீர் முடிச்சுகள் வரை ஊடுருவி தொடையிடுக்கில் நெறி கட்டச் செய்யும், மலக்குடலில் கடும் அழற்சியை உண்டாக்கும். 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே இந்த எல் வகைத் தொற்று பரவியது கண்டறியப்பட்டது. இதற்கு டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து 7 நாள் போதாது, 21 நாள் வேண்டும் என்பதால் இங்கே வகை அறிவது உண்மையிலேயே உதவும்.

டி முதல் கே வரையிலான வகைகளை அறிகுறிகளோடு பொருத்திப் பார்த்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே வகை ஒருவரிடம் சத்தமில்லாமல் இருக்கும், இன்னொருவரிடம் கருப்பை, கருக்குழாய்களைத் தாக்கும் இடுப்புக்குழி அழற்சியாக முற்றும். உடலின் எதிர்ப்பாற்றல் எப்படி வினைபுரிகிறது, தொற்று திரும்பத் திரும்ப வருகிறதா, கூடவே வேறு தொற்று உண்டா என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரிவதில்லை என்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. குழந்தையில்லை என்று நம் பக்கம் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு, கடைசியில் கருத்தரிப்பு மையத்துக்குப் போய்க் கருக்குழாய் அடைப்பு என்று கேட்டு இடிந்துபோகிற பெண்களில் சிலருக்கு, என்றோ வந்து கவனிக்கப்படாத இத்தொற்றே காரணமாக இருக்கக்கூடும்.

எனவே நீங்களும் உங்கள் கணவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவில் கட்டணமின்றிப் பார்ப்பார்கள். வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் இரு வேளை, 7 நாள் தருவார்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மாற்று மருந்து உண்டு. இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவைத் தவிர்த்து, 3 மாதம் கழித்து மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள். அறிகுறியின்றி மாதக்கணக்கில் தங்கக்கூடிய கிருமி இது என்பதால், எப்போது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இந்த முடிவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. வீட்டில் அப்படியொரு பேச்சு எழுந்தால் இதை அவசியம் எடுத்துச் சொல்லுங்கள்.