விவசாய ரீச்சராக வர: கம்பஸா, கல்வியியற் கல்லூரியா?

முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், விவசாய விஞ்ஞானம் மூன்றும் சித்தி. விவசாய ரீச்சராக வர விருப்பம். கம்பஸுக்குப் போவதா, கல்வியியற் கல்லூரிக்குப் போவதா?"

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி இடம்தந்தால் கம்பஸுக்கே போங்கள் தங்கச்சி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. வன்னியை விட்டு வெளியேறாமலே 4 வருடப் பட்டம் படிக்கலாம். உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கப் பட்டதாரிகளைத்தான் தேடுவார்கள். ஆனால் பட்டம் கிடைத்த கையோடு நியமனம் வராது. வெற்றிடம் அறிவிக்கும்வரை காத்திருந்து, போட்டிப் பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்டவேண்டும். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வேலையில் சேர்ந்த பிறகு செய்யலாம்.

கல்வியியற் கல்லூரி 3 வருடம். முதல் இரண்டும் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாவது ஒரு பாடசாலையில் நின்று படிப்பிக்கும் பயிற்சி. வீட்டில் கஷ்டமென்றால் இதைக் குறைவாக நினைக்கவே வேண்டாம். ஆசிரியரான பிறகு கல்விமாணிப் பட்டம் படிக்க வழி உண்டு. ஒன்று கவனம்: எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் பாடநெறியும் இல்லை. வர்த்தமானி வந்ததும் தமிழ்மொழியில் விவசாயம் எங்கே என்று பார்த்து விண்ணப்பியுங்கள்.

சரி, அனுமதி கிடைக்கும்வரை சும்மா இருக்காதீர்கள். வளவில் இரண்டு பாத்தி கட்டிக் கௌபி ஊன்றுங்கள். விதைக்கும் சந்தேகத்துக்கும் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பிடியுங்கள். கௌபியின் வேர் முடிச்சில் இருக்கும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. இந்த நைதரசன் பதித்தலைக் கரும்பலகையில் எவ்வளவு எழுதினாலும் பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஏறாது. பூக்கிற நேரம் ஒரு செடியை மண்ணோடு கிண்டி எடுத்து, வேரைக் கழுவி, முடிச்சொன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பென்றால் பற்றீரியா வேலை செய்கிறது. பச்சையோ மண்ணிறமோ என்றால் வேலை நின்றுவிட்டது. அதை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்த பிள்ளை பரீட்சையில் மறக்காது.

அப்புறம் மண். நம்முடைய செங்கபில மண் காய்ந்தால் கல்லு, நனைந்தால் களி. ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். உருண்டையாக நின்று, பெருவிரலால் தட்ட உதிர்ந்தால் அன்றைக்குத்தான் கொத்தலாம். பாடசாலைத் தோட்டங்கள் பெரும்பாலும் கருகுவது ஓகஸ்ட் விடுமுறையில், கச்சான் காற்றடிக்கும்போது தண்ணீர் விட ஆளில்லாமல். கௌபிக்கு இரண்டு மாதம் சொச்சம் போதும். ஆகவே விடுமுறைக்கு முதலே காய் ஆய்ந்து முடிகிற மாதிரி நாளைப் பின்னோக்கி எண்ணி ஊன்றப் பழகுங்கள்.