தாத்தாவின் பெட்டியில் ஒரு 'பிரதர்ஹுட்' பின்: அது என்ன சங்கம், அந்தக் காகிதங்களை என்ன செய்வது?

ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் யூதர். மாமனார் வீட்டைக் காலி செய்தபோது, மாமனாருடைய அப்பாவின் தகரப் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே என்.எஃப்.டி.பி. என்ற எழுத்துகள் பொறித்த ஒரு கோட் பின், சந்தா கட்டிய உறுப்பினர் அட்டைகள், 'அப்பா–மகன் விருந்து' நிகழ்ச்சி நிரல், சைக்ளோஸ்டைல் செய்த கூட்டக் குறிப்புகள், சில கடிதங்கள். "தாத்தா பிரார்த்தனைக்கு டெம்பிள் (யூதர்களின் ஜெப ஆலயம்) பக்கமே போகமாட்டாராம், ஆனால் பிரதர்ஹுட் கூட்டத்தை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை என்கிறார் மாமனார். இது ஃப்ரீமேசன் மாதிரி ரகசியச் சங்கமா? இந்தக் காகிதங்களை வைத்துக்கொள்ளவா, தூக்கிப் போடவா, யாரிடமாவது கொடுக்கவா?" இதுதான் கேள்வி.

முதலில், தூக்கிப் போடாதீர்கள். ரகசியச் சங்கமும் இல்லை. அந்த எழுத்துகள் 'நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் டெம்பிள் பிரதர்ஹுட்ஸ்' என்பதன் சுருக்கம். யூத மதத்தின் நவீனப் போக்குள்ள 'சீர்திருத்த' (ரிஃபார்ம்) பிரிவின் ஜெப ஆலயங்களில் இயங்கிய ஆண்கள் சங்கங்களின் கூட்டமைப்பு அது, 1923இல் தொடங்கியது. இன்றும் இருக்கிறது, பெயர்தான் 'மென் ஆஃப் ரிஃபார்ம் ஜூடாயிசம்' என்று மாறிவிட்டது.

மாமனார் சொன்ன அந்த ஒரு வரிதான் இந்தச் சங்கங்கள் ஏன் பிறந்தன என்பதற்கே விடை. யூதர்களுக்கு ஓய்வு நாள் சனிக்கிழமை. அமெரிக்காவிலோ வாரத்துக்கு ஆறு நாள் வேலை, சனிக்கிழமை கடையில் நல்ல வியாபாரம் நடக்கும் நாள். துணிக்கடையோ ஷூ கடையோ வைத்திருந்தவர் சனிக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு வழிபாட்டுக்கு வருவதென்பது நடக்காத காரியம். அதனால் சனிக்கிழமைகளில் டெம்பிளில் உட்கார்ந்திருந்தவர்களில் பெண்களே அதிகம். சரி, வழிபாட்டையே ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று சில சபைகள் முயன்றன. சிகாகோவின் சினாய் சபை 1874இலேயே ஞாயிறு வழிபாட்டைத் தொடங்கியது. பெரும்பாலான சபைகள் அந்த அளவுக்குப் போகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிர்வாகக் குழுவில் இருந்ததும் கட்டடத்துக்குப் பணம் புரட்டியதும் ரபியை (யூத மதகுருவை) வேலைக்கு வைத்ததும் எல்லாம் ஆண்கள்தான், வழிபாட்டுக்கு மட்டும் அவர்களைக் காணோம். பெண்களுக்கு நிர்வாகத்தில் மெல்ல மெல்லத்தான் இடம் கிடைத்தது. ஆனால் ஞாயிறு பள்ளி, பண்டிகைச் சாப்பாடு, உதவி நிதி என்று அன்றாடம் டெம்பிளை ஓட்டியது அவர்கள்தான். அவர்கள் 1913இலேயே 'சிஸ்டர்ஹுட்' சங்கங்களை ஒன்றாக்கி நாடு தழுவிய கூட்டமைப்பு கண்டுவிட்டார்கள்; வாஷிங்டனைச் சேர்ந்த கேரி சைமன் அதன் முதல் தலைவர். ஆண்களுக்கு அது நடக்க இன்னும் பத்து வருஷம் ஆயிற்று. தனித்தனி ஊர்களில் ஆண்கள் சங்கங்கள் அதற்கு முன்பே இருந்தன, 1923இல் நடந்தது அவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்ததுதான். (ஆண்களுக்குத் தனிச் சங்கம் என்றதும் ஆண், பெண் பிரித்து உட்காரவைக்கும் வழக்கத்தோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். சீர்திருத்த ஆலயங்களில் குடும்பமாகச் சேர்ந்தே உட்காருவார்கள். ஐசக் மேயர் வைஸ் என்ற ரபி ஆல்பனியில் 1851இலேயே அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.)

ஆக, பிரார்த்தனைக்கு வராத ஆண்களை வேறு எதையாவது காட்டி உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. சாப்பாடு, சுருட்டு, பேச்சாளர், சீட்டு, பௌலிங். உங்களிடம் இருக்கும் அப்பா–மகன் விருந்து நிகழ்ச்சி நிரல் அந்த வகை. அமெரிக்கச் சர்ச்சுகளிலும் இதே காலத்தில் இதே விருந்துகள் நடந்தன. தாத்தா கடவுள் நம்பிக்கை இல்லாமல் சும்மா அரட்டைக்குப் போனார் என்று மாமனார் நினைத்தால், அது பாதி சரி, பாதிதான் சரி. அவர் தலைமுறை ஆண்கள் பலருக்கு யூதராக இருப்பது என்றால் இந்தக் கூட்டத்துக்குப் போவதுதான்.

ஆனால் அரட்டையோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பெட்டியில் இருக்கும் கடிதங்களில் 'ஜூயிஷ் சடாக்வா சொசைட்டி' என்ற பெயர் தென்படுகிறதா என்று பாருங்கள். என் கணிப்பில் பிரதர்ஹுட்கள் செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். நியூயார்க் மாநிலத்தில் சடாக்வா ஏரிக்கரையில் 1874இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்காகக் கிறிஸ்தவர்கள் ஒரு கோடைக்கால முகாம் தொடங்கினார்கள், அது பெரிய கல்வி இயக்கமாக வளர்ந்தது. அதைப் பார்த்து ஹென்றி பெர்கோவிட்ஸ் என்ற ரபி 1893இல் ஃபிலடெல்ஃபியாவில் யூதர்களுக்காக ஒன்றைத் தொடங்கினார். முதலில் தபால் வழிப் பாடம், கோடைக்காலக் கூட்டங்கள் என்று யூதர்களுக்கே யூதத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்புறம் கல்லூரிகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். 1939இல் அந்தச் சங்கத்தின் பொறுப்பை பிரதர்ஹுட் கூட்டமைப்பு எடுத்துக்கொண்டது. அதன்பிறகு நாடெங்கும் பிரதர்ஹுட்கள் திரட்டிக் கொடுத்த பணத்தில் ரபிகள் கல்லூரிகளுக்கும் கிறிஸ்தவ இறையியல் பள்ளிகளுக்கும் போய் யூத மதம் பற்றிப் பேசினார்கள், சில இடங்களில் முறையான பாடமே எடுத்தார்கள், நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1920 முதல் ஹென்றி ஃபோர்டின் 'டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்' பத்திரிகை யூத வெறுப்பைப் பரப்பிக்கொண்டிருந்தது. 1924இல் வந்த குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குக் கதவைக் கிட்டத்தட்ட சாத்தியது. 1939இல் ஐரோப்பாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. யூதரையே நேரில் பார்த்திராத சிறு நகரக் கல்லூரி மாணவன் முன்னால் ஒரு ரபியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குப் பின்னால் அப்படி ஒரு அவசரம் இருந்தது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். தேதி இல்லாத கடிதமாக இருந்தால் தலைப்பில் அச்சிட்ட முகவரியைப் பாருங்கள். சடாக்வா சொசைட்டி கடிதத்தில் ஃபிலடெல்ஃபியா இருந்தால் அநேகமாக 1939க்கு முந்தியது. கூட்டமைப்பின் கடிதத்தில் சின்சினாட்டி இருந்தால் பெரும்பாலும் 1951க்கு முன். அந்த வருஷம்தான் சீர்திருத்தச் சபைகளின் தலைமை அமைப்பு சின்சினாட்டியை விட்டு நியூயார்க் ஐந்தாம் அவென்யூ 838ஆம் எண் கட்டடத்துக்கு இடம் மாறியது. நியூயார்க் முகவரியிலும் ஒரு துப்பு உண்டு. 'நியூயார்க் 21' என்று இரண்டு இலக்க மண்டல எண் இருந்தால் 1960களின் முற்பகுதிக்குள் அச்சடித்த தாள். 10021 என்று ஐந்து இலக்கம் இருந்தால் 1963க்குப் பிந்தியது, அஞ்சல் துறை ஐந்து இலக்க எண்ணைக் கொண்டுவந்தது அந்த ஆண்டில்தான். பழைய தாளைத் தீரும்வரை பயன்படுத்துவது எல்லா சங்கங்களிலும் உள்ள பழக்கம், எனவே ஓரிரு வருஷம் முன்பின் விட்டுக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் அட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். ஃப்ரீமேசன் சந்தேகம் உங்களுக்கு வந்ததில் தப்பில்லை, அந்தத் தலைமுறை ஆண்கள் நாலைந்து சங்கங்களில் ஒரே நேரத்தில் இருப்பார்கள். 'ப்னாய் ப்ரித்' என்று ஏதாவது இருந்தால் அது 1843இல் நியூயார்க்கில் தொடங்கிய தனி அமைப்பு, எந்த ஆலயத்தையும் சார்ந்ததல்ல. 'மென்ஸ் கிளப்' என்று இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், கன்சர்வேடிவ் என்ற இன்னொரு யூதப் பிரிவு ஆலயங்களின் சங்கங்களுக்கு அதுதான் வழக்கமான பெயர். அவர்களுக்கு 1929இல் தொடங்கிய தனிக் கூட்டமைப்பு உண்டு. ஆனால் சில சீர்திருத்த ஆலயங்களும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டதால் ஆலயத்தின் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்டியில் எது மதிப்புள்ளது? எல்லோரும் பின்னைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள், எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த மங்கலான சைக்ளோஸ்டைல் கூட்டக் குறிப்புகள்தான் தங்கம். தேசிய அமைப்பின் அறிக்கைகள் அச்சாகி நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஒஹாயோவின் ஒரு சிறு நகரத்தில் எத்தனை பேர் வந்தார்கள், சாப்பாட்டுக்கு என்ன வசூலித்தார்கள், யாரைப் பேசக் கூப்பிட்டார்கள், சடாக்வா நிதிக்கு எவ்வளவு அனுப்பினார்கள், பக்கத்துச் சர்ச்சுக்காரர்களை விருந்துக்கு அழைத்தார்களா என்பதெல்லாம் இந்த மாதிரி பெட்டிகளில் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

பெட்டியில் எதையும் இடம் மாற்றுவதற்கு முன் காகிதங்கள் இருக்கிற வரிசையிலேயே ஒவ்வொன்றையும் ஃபோனில் படம் எடுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்களையும் ரப்பர் பேண்டுகளையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். பின்னைப் பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எனாமல் பூச்சு போனால் போனதுதான். ஃபோட்டோ ஏதும் இருந்தால், அதில் இருப்பவர்களின் பெயரை மாமனாரிடம் கேட்டு, ஃபோட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள். இதை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கும். ஹீப்ருவில் அச்சிட்ட பழைய பிரார்த்தனைப் புத்தகம் ஏதும் இருந்தால் குப்பையில் போடக்கூடாது, கடவுள் பெயர் உள்ளவற்றை மண்ணில் புதைப்பது அவர்கள் வழக்கம், அருகிலுள்ள ஆலயத்தில் கேட்டால் வாங்கிக்கொள்வார்கள்.

தாத்தாவைப் பற்றி மேலும் தேட, கொலம்பஸிலிருந்து 1922 முதல் வந்த 'ஒஹாயோ ஜூயிஷ் குரோனிக்கல்' வாரப் பத்திரிகையின் பழைய இதழ்கள் இணையத்தில் இருக்கின்றன. பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்; இந்த மாதிரிப் பத்திரிகைகளில் பிரதர்ஹுட் தேர்தல், விருந்து, பேச்சாளர் எல்லாம் சின்னச் சின்னத் துணுக்காக வந்திருக்கும். தேசிய அளவிலான செய்திகளுக்கு ஜூயிஷ் டெலிகிராஃபிக் ஏஜென்சியின் பழைய செய்திக் கிடங்கை இலவசமாகத் தேடலாம்.

கொடுப்பதாக இருந்தால் முதலில் அந்த டெம்பிளுக்கு ஃபோன் செய்யுங்கள். சிறு நகர ஆலயங்கள் பல மூடப்பட்டன, அல்லது வேறொன்றோடு இணைந்துவிட்டன. அப்படியானால் சின்சினாட்டியில் ஹீப்ரு யூனியன் கல்லூரி வளாகத்தில் உள்ள அமெரிக்கன் ஜூயிஷ் ஆர்கைவ்ஸ்தான் சரியான இடம். ஜேக்கப் ரேடர் மார்கஸ் என்ற வரலாற்றாசிரியர் 1947இல் நிறுவியது, உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. நேரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல், எடுத்த படங்களோடு என்னென்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் தரும் நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அவர்களுக்கு வேண்டாத காகிதங்களைத் திருப்பித் தருவார்களா, கழித்துவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னைப் பிரிய உங்கள் கணவருக்கு மனமில்லை என்றால் அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம், அதனால் தொகுப்பின் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.