பனிக்காலத்தில் தோட்டத்துக்கு வரும் உயிர்களுக்கு எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

கேள்வி: குளிர் கடுமையான பகுதியில் வசிக்கிறோம். தோட்டம் முழுக்கப் பனி மூடிக் கிடக்கிறது. சின்னச் சின்னப் பறவைகளும் அணில்களும் வருகின்றன. சில நாட்களாக மான்களும் எட்டிப் பார்க்கின்றன. பிள்ளைகள் மனசு கேட்காமல் ரொட்டித் துண்டும் சாப்பாட்டு மிச்சமும் போடுகிறார்கள். "ஒருமுறை பழக்கிவிட்டால் அவை இரை தேடவே மறந்துவிடும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அடுத்த மாதம் நாங்கள் இரண்டு வாரம் வெளியூர் போகிறோம். தீனி வைப்பது நல்லதா, கெடுதலா? வைப்பதென்றால் எதை வைப்பது?

பதில்: பறவைகளுக்குத் தாராளமாக வையுங்கள். அணிலுக்குக் கொஞ்சம் போதும். மானுக்கு வேண்டாம், எவ்வளவு பரிதாபமாக வந்து நின்றாலும் வேண்டாம். ரொட்டியையும் சாப்பாட்டு மிச்சத்தையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஆளுக்கொரு நியாயமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். குளிர்காலத்தை ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு விதமாகக் கடக்கிறது, அதுதான் காரணம்.

சின்னப் பறவைகளின் பிழைப்பு அன்றாடங்காய்ச்சியின் பிழைப்பு. வட அமெரிக்கத் தோட்டங்களுக்கு வரும் கருந்தொப்பிச் சிக்கடீயை எடுத்துக்கொள்ளுங்கள். எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். பகலில் அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 42 டிகிரி செல்சியஸ். உடம்பு சிறியதாக இருந்தால் சூடு வேகமாக வெளியேறும். பகல் முழுக்கத் தின்று சேர்த்த கொழுப்பை இரவெல்லாம் நடுங்கி நடுங்கி எரித்துத்தான் அது உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடுங்குளிர் இரவுகளில் உடல் வெப்பத்தைத் தானே பத்து டிகிரி வரை இறக்கிக்கொண்டு செலவைக் குறைக்கவும் செய்கிறது. அப்படியும் விடியும்போது கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும். பகல் நேரமும் குறைவு. ஒரே ஒரு நாள் போதிய இரை கிடைக்காவிட்டால், மறுநாள் அதற்கு விடியாமலே போகலாம்.

ஆகவே நீங்கள் வைக்கும் தீனியால் நிஜமாகவே பலன் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் இருவரும் இதே சிக்கடீக்களை வைத்து ஆராய்ந்து 1988-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃபீடர், அதாவது தீனி நிரப்பித் தொங்கவிடும் கூடு, வசதியாகக் கிடைத்த பறவைகளில் 69 சதவீதம் குளிர்காலத்தைத் தாண்டின. இல்லாதவற்றில் 37 சதவீதம்தான். வெப்பம் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே அடிக்கடி இறங்கிய மாதங்களில்தான் இந்த வித்தியாசம் தெரிந்தது. மிதமான மாதங்களில் இரு கூட்டமும் ஒன்றுபோலத்தான் பிழைத்தன.

பக்கத்து வீட்டுக்காரரின் கவலைக்கும் அந்த இருவருமே பதில் தந்திருக்கிறார்கள். 25 ஆண்டுகளாகத் தீனி வைத்துவந்த ஓர் இடத்தில் ஃபீடர்களை அடியோடு எடுத்துவிட்டு, அங்கிருந்த பறவைகளையும் ஃபீடரையே பார்த்திராத பறவைகளையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே அளவில் பிழைத்தன. எதுவும் இரை தேட மறந்துவிடவில்லை. ஃபீடர் பக்கத்திலேயே இருந்தாலும் இந்தப் பறவைகள் அன்றாடத் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மீதியை மரப்பட்டை இடுக்கிலும் மொட்டுகளிலும் தாமே தேடித் தின்கின்றன.

எனவே நிம்மதியாக ஊருக்குப் போய் வாருங்கள். நீங்கள் இல்லாத நாட்களில் கடுங்குளிர் அலை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் மட்டும், அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையே விதை நிரப்பச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் வேறு வீடுகளே இல்லாத ஒதுக்குப்புறமாக இருந்தால் இது முக்கியம். நிரப்ப ஆள் கிடைக்காவிட்டால், கிளம்புமுன் ஃபீடரைக் காலி செய்து கழுவிவிட்டுப் போங்கள். இரண்டு வாரம் நனைந்து ஊறிய விதை பறவைகளுக்கு வினையாகிவிடும்.

சரி, எதை வைப்பது? ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கருப்புச் சூரியகாந்தி விதை வாங்குங்கள். வரி போட்ட பெரிய விதை வேண்டாம், முழுக்கக் கருப்பாக இருக்கும் சின்ன விதை. எண்ணெய்ச் சத்து அதிகம், தோல் மெல்லியது, சிறு அலகுக்கும் உடையும். சிக்கடீ அதைத் தின்பதைப் பிள்ளைகளோடு ஜன்னலருகே நின்று பாருங்கள். சட்டென்று வந்து ஒரு விதையை எடுக்கும். கனம் போதவில்லை என்றால் கீழே போட்டுவிட்டு வேறொன்றை எடுக்கும். பக்கத்துக் கிளைக்குப் பறந்து போய், விதையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்து, அலகால் கொத்தித் தோலைப் பிளந்து பருப்பை எடுக்கும். உடனே அடுத்த விதைக்கு வரும். சில விதைகளைத் தின்னாமல் பட்டை இடுக்கில் செருகி ஒளித்து வைக்கும். பிறகு வந்து அதே இடத்தில் எடுக்கும்.

அடுத்தது கொழுப்பு. மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பைக் கட்டியாக்கிக் கம்பிக் கூட்டில் வைத்துத் தொங்கவிட்டால் மரங்கொத்திகளும் வரும். உப்புச் சேர்க்காத வேர்க்கடலையும் நல்லது. மலிவு விலைக் கலவைப் பொட்டலங்களில் பெரும்பகுதி சிவப்புச் சோளம் போன்ற தானியமாக இருக்கும். பல சின்னப் பறவைகள் அதைத் தள்ளிவிடும். கீழே விழுந்து முளைக்கும், இல்லாவிட்டால் எலியை வரவழைக்கும். அதே காசுக்குக் குறைவாக, ஆனால் நல்ல விதையாக வாங்குவதே மேல்.

ரொட்டியை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அது வயிற்றை நிரப்பும், இரவைத் தாங்கும் கொழுப்பைத் தராது. அன்றாடங்காய்ச்சிக்கு வயிற்றில் இருக்கும் இடமே முதல். அதை ரொட்டியால் அடைத்துவிடக் கூடாது. சாப்பாட்டு மிச்சத்தில் இருக்கும் உப்பை அந்தச் சின்ன உடம்பு தாங்காது. இறைச்சி வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பும் ஆகாது: அதில் உப்பு இருக்கும், கெட்டிப்படாமல் இறகில் ஒட்டும். இறகு பிசுபிசுத்தால் குளிரைத் தடுக்காது. பால் பறவைகளுக்குச் செரிக்காது. பூசணம் பிடித்த கடலையைத் தப்பித் தவறியும் வைக்காதீர்கள். அதில் உண்டாகும் அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. நமக்கு ஆகாது என்று ஒதுக்கியது அவற்றுக்கும் ஆகாது.

தண்ணீரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சுற்றிலும் பனி இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் பனியைத் தின்றால் அதை உருக்க உடம்புச் சூடுதான் செலவாகும். ஆழமில்லாத தட்டில் காலையும் மதியமும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வையுங்கள், கொதிநீர் வேண்டாம். இதற்கென்றே விற்கும் சூடேற்றும் தட்டுகளும் உண்டு. உறையாமல் இருக்கட்டும் என்று உப்போ, கிளிசரினோ, காருக்கு ஊற்றும் ஆன்ட்டிஃப்ரீஸோ கலந்துவிடாதீர்கள். ஆன்ட்டிஃப்ரீஸில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். பறவை மட்டுமல்ல, அதைக் குடிக்கும் பூனையும் நாயும்கூடச் செத்துப்போகும்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. காட்டில் சிதறி இரை தேடும் பறவைகளை நாம் ஒரே தட்டில் கூட்டுகிறோம். ஒன்றுக்கு நோய் இருந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் என்ற பறவைக்கு நேர்ந்ததைப் பாருங்கள். தொண்டையில் வளரும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி 2005 வாக்கில் அவற்றிடம் பரவத் தொடங்கியது. தொண்டை வீங்கி விழுங்க முடியாமல் கக்கிய இரையும் எச்சிலும் தட்டில் விழ, அடுத்த பறவை அதையே கொத்தித் தின்றது. தோட்டத்துக்குத் தோட்டம் சாதாரணமாக இருந்த அந்தப் பறவை 2021-இல் அங்கே, மிகவும் கவலைக்குரிய நிலையில் இருக்கும் பறவைகளின் சிவப்புப் பட்டியலுக்குப் போய்விட்டது. அன்பாக வைத்த தீனித் தட்டுகளுக்கும் இதில் பங்குண்டு.

அதனால் சுத்தம் செய்ய நேரமில்லை என்றால் தீனி வைக்காமலிருப்பதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ஃபீடரைக் கழற்றி, ஒட்டியிருக்கும் எச்சத்தைத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊற வையுங்கள். பிறகு நன்றாக அலசி, முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகே விதையைக் கொட்ட வேண்டும். காயவிடுவதைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். அந்த ஒட்டுண்ணி ஈரத்தில்தான் பிழைக்கும். தட்டையான பலகையில் எச்சமும் தீனியும் கலந்துவிடுவதால் குழாய் வடிவ ஃபீடரே எனக்குப் பிடித்தம். ஒரு நாளில் தின்று தீரும் அளவுக்கே நிரப்புங்கள். தரையில் சேரும் தோலையும் கூட்டி அள்ளிவிடுங்கள். தண்ணீர்த் தட்டைத் தினமும் கழுவுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள். பறவைகளிடம் பரவும் சால்மொனெல்லா மனிதருக்கும் தொற்றும்.

நோயுற்ற பறவையை அடையாளம் காண்பது கடினமல்ல. மற்றவை வந்து வந்து போகும்போது அது மட்டும் இறகைப் பந்துபோல உப்பிக்கொண்டு ஃபீடரிலேயே உட்கார்ந்திருக்கும். கண் பாதி மூடியிருக்கும், அலகைச் சுற்றி ஈரம் இருக்கும், நீங்கள் கிட்டே போனாலும் பறக்காது. குளிருக்கு எல்லாப் பறவைகளும்தான் இறகை உப்பும். ஆள் வந்தால் பறக்கிறதா என்பதைப் பாருங்கள். அப்படி ஒன்றைக் கண்டால் எல்லா ஃபீடர்களையும் உடனே இறக்கிவிடுங்கள், குறைந்தது இரண்டு வாரத்துக்கு. பசிக்குமே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் கூட்டம் கலைவதுதான் அப்போது மற்றப் பறவைகளைக் காப்பாற்றும்.

ஃபீடரை எங்கே மாட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒன்று, ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள். இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால். நடுத்தர தூரத்தில் மாட்டினால் மிரண்ட பறவை முழு வேகத்தில் கண்ணாடியில் மோதும். பூனை பதுங்க முடியாதபடி புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளியிருக்கட்டும். அதற்கு மேலும் தள்ளிவிடாதீர்கள், வல்லூறு வந்தால் ஓடி ஒளிய இடம் வேண்டும்.

இனி மான். மான் அன்றாடங்காய்ச்சியல்ல. இலையுதிர்காலத்திலேயே கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, அடர்ந்த குளிர்கால ரோமம் வளர்த்துக்கொண்டு, அசைவைக் குறைத்துக்கொண்டு, மெலிந்தபடியே குளிர்காலத்தைக் கடந்துவிடுவது அதன் இயல்பு. அசைபோடும் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களும் அந்தப் பருவத்தில் சுள்ளி, மொட்டு, பட்டை ஆகியவற்றைச் செரிப்பதற்கென்று மாறியிருக்கும். அந்த நேரத்தில் மக்காச்சோளத்தையோ ரொட்டியையோ நிறைய வைத்தால் இரைப்பையில் அமிலம் பெருகி, ஓரிரு நாளில் மான் செத்துவிழக்கூடும். வயிற்றைத் திறந்து பார்த்தால் தீனி நிறைந்திருக்கும். நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நட்ட நடுக் குளிரில் அவ்வளவு நாள் காத்திருக்க அதற்குத் தெம்பு கிடையாது.

கூட்டமாகச் சேர்ப்பதால் வரும் நோய் ஆபத்து மானுக்கும் உண்டு. 1967-இல் அமெரிக்காவின் கொலராடோவில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட உருக்கி நோய் (Chronic Wasting Disease), எச்சில், சிறுநீர், சாணம் வழியே பரவி மூளையைச் சிதைக்கிறது. மருந்து கிடையாது, அதை உண்டாக்கும் பிரியான் என்ற பிறழ்ந்த புரதம் மண்ணில் ஆண்டுக் கணக்கில் நிற்கும். பல இடங்களில் மானுக்குத் தீனி வைப்பது சட்டப்படியே குற்றம். உங்கள் பகுதி வனவிலங்குத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஃபீடரிலிருந்து சிந்தும் விதைக்குத்தான் மான் வருகிறது என்றால், எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், கீழே சிந்தியதை மாலைக்குள் அள்ளிவிடுங்கள். உண்மையில் மானுக்கு உதவ வேண்டுமென்றால் தோட்டத்து மூலையில் இருக்கும் இளமரங்களையும் புதரையும் வெட்டாமல் விடுங்கள்.

அணில் தனக்கென்று கொட்டைகளைப் புதைத்து வைத்திருக்கும். ஓட்டோடு கூடிய ஹேசல், வால்நட் சில போட்டால் போதும். ஓட்டைக் கடிப்பதில் பல்லும் தேயும், அதன் பல் வளர்ந்துகொண்டே இருப்பது. வேர்க்கடலையும் மக்காச்சோளமுமே தின்று பழகினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து எலும்பு பலவீனமாகும். முள்ளெலி இருக்கும் பகுதியானால் அது குளிர்கால உறக்கத்தில் இருக்கும். குவித்த இலைச் சருகைக் கிளறாதீர்கள். பகலில் தள்ளாடியபடி ஒன்று திரிந்தால் அதற்கு ஏதோ கோளாறு என்று பொருள். இறைச்சி கலந்த பூனைத் தீனியும் தண்ணீரும் வைத்து, வனவிலங்கு மீட்பாளரைக் கூப்பிடுங்கள். பால் வைக்கவே வேண்டாம், வயிற்றுப்போக்கில் கொண்டுபோய்விடும். நரி, ரக்கூன் இரண்டுக்கும் எதுவும் வைக்காதீர்கள். மனிதரைக் கண்டு பயப்படாத காட்டு விலங்கைக் கடைசியில் பிடித்துக் கொன்றுவிடுகிறார்கள்.

கரடி நடமாடும் பகுதியா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆம் என்றால் கரடிகள் உறங்கப் போன பிறகே ஃபீடரை மாட்ட வேண்டும், அவை எழுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். மற்ற இடங்களில் பனி உருகிப் பூச்சிகள் தென்படத் தொடங்கியதும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம். குஞ்சு பொரிக்கும் காலத்தில் முழு வேர்க்கடலையை உதிரியாகப் போடாதீர்கள். தாய் கொண்டுபோய் ஊட்டினால் குஞ்சின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அடுத்த குளிர்காலத்துக்கு இப்போதே ஒரு வேலை செய்யலாம்: இலையுதிர்காலத்தில் காய்ந்த பூத்தலைகளை வெட்டாமல் விடுங்கள், பழம் தரும் புதர் ஒன்றிரண்டு நடுங்கள். விதையும் பழமும் செடியிலேயே கிடைக்கும்போது ஒரே தட்டில் கூட்டம் சேராது, உங்களுக்கும் கழுவும் வேலை பாதியாகும்.