புது ஸ்பிரிங் பட்டை மாற்றிய பழைய ஜீப் ஏன் விறைப்பாக ஓடுகிறது?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புதுப் பட்டை வாங்கி மாட்டியும் வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டையைக் குறை சொல்லுமுன் ஷேக்கிள் போல்ட்டைப் பாருங்கள், அதாவது பட்டையின் நுனியை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கும் அசையும் இணைப்பின் போல்ட்டை.

வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே அதை முழுக்க முறுக்கிவிட்டால், போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். சக்கரம் தரையைத் தொட்டதும் பட்டை நிமிரும், புஷ் முறுக்கிக்கொள்ளும். விறைப்பும் அதனால்தான், புஷ் சீக்கிரம் கிழிவதும் அதனால்தான். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு இறுக்குங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும்.

பட்டையை ஆக்ஸிலோடு (சக்கர அச்சோடு) சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை மட்டும் தயவுசெய்து புதிதாகப் போடுங்கள். ஒருமுறை இழுபட்ட பழைய போல்ட் அதே பிடிப்பைத் தராது. பட்டைகளை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். உட்காராவிட்டால் ஆக்ஸில் நகரும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புதுப் பட்டையால் வண்டியின் உயரம் கூடியிருந்தால் பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) இழுபடுகிறதா என்பதையும் கவனியுங்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியப் படிய அது தளரும்.