பிரிட்டனில் நீதிமன்றங்களைக் கவனித்துவந்த அரசமைப்பு விவகாரத் துறை (2003–2007) நாலே வருடத்தில் ஏன் மூடப்பட்டது? அது உருப்படியாக ஏதாவது செய்ததா?

செய்தது. நாலு வருட ஆயுளுக்கு அதிகமாகவே செய்தது என்பேன். மூடப்பட்டதற்கு அதன் வேலை காரணமில்லை. பக்கத்துத் துறையில் எழுந்த குழப்பம் இதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

அந்தக் காலத்தில் நான் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். இந்தத் துறைக்கு முன்பு அந்த வேலையைப் பார்த்துவந்த லார்ட் சான்சலர் பதவியைப் பற்றிப் படிக்கும்போது நம் ஊரிலிருந்து போனவர்களுக்குத் தலை சுற்றும். அவர் அமைச்சரவையில் இருப்பார், நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்குத் தலைமை தாங்குவார், நீதித்துறைக்கும் அவரே தலைவர். நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் அவர்தான். விரும்பினால் இறுதி மேல்முறையீட்டு வழக்கில் நீதிபதியாகவும் உட்காரலாம். சட்டம் இயற்றுவது, ஆட்சி நடத்துவது, நீதி வழங்குவது மூன்றும் தனித்தனிக் கைகளில் இருக்க வேண்டும் என்ற அதிகாரப் பிரிவினையை முதல் வாரம் படித்துவிட்டு அடுத்த வாரம் இதைப் படித்தால் எப்படி இருக்கும்!

இது ரொம்ப நாள் தாங்காது என்பது 2000இலேயே தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட கெர்ன்ஸி தீவில் ஒரு நிலத் திட்டத்தை நிறைவேற்றிய சட்டசபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரே, பிறகு அதே திட்டம் தொடர்பான மேல்முறையீட்டில் நீதிபதியாகவும் இருந்தார். அது நியாயமான விசாரணை ஆகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லார்ட் சான்சலர் விஷயத்தில் அதே கேள்வி எழ எத்தனை நேரம் ஆகும்?

சீர்திருத்தம் தேவைதான், ஆனால் அதை ஆரம்பித்த விதம் கோமாளித்தனம். 2003 ஜூன் 12 அன்று நடந்த அமைச்சரவை மாற்றத்தில் பிரதமர் டோனி பிளேர், தன் தொழில் குருவும் அப்போதைய லார்ட் சான்சலருமான லார்ட் இர்வினை அனுப்பிவிட்டு, தன் பழைய அறைத்தோழர் லார்ட் ஃபால்கனரைக் கொண்டுவந்தார். லார்ட் சான்சலரின் துறைக்குப் பதிலாக அரசமைப்பு விவகாரத் துறை வந்தது. பதவியும் ஒழிகிறது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுப் பழமையானது என்று சொல்லப்படும் பதவி அது! நூற்றுக்கணக்கான சட்டங்களில் அந்தப் பெயர் இருக்கிறது, நாடாளுமன்றம் சட்டம் போடாமல் ஒழிக்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது. பிரபுக்கள் சபை நடக்க, கம்பளி அடைத்த அந்தச் சிவப்பு இருக்கையில் யாராவது உட்கார வேண்டுமே? ஒழிக்க வந்த ஃபால்கனரே அங்கியும் விக்கும் மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

இதற்குப் பிறகு நடந்தது வேறு ரகம். 2004 ஜனவரியில் தலைமை நீதிபதி லார்ட் வுல்ஃபும் ஃபால்கனரும் எந்தப் பொறுப்பு யாருக்கு என்று உட்கார்ந்து பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதன் அடிப்படையில் 2005இல் அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. லார்ட் சான்சலர் பெயர் தப்பித்தது, அதிகாரங்கள் போயின. நீதித்துறைத் தலைமை தலைமை நீதிபதிக்குப் போனது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கத் தனி ஆணையம் வந்தது. பிரபுக்கள் சபை 2006இல் தனக்கென ஒரு சபாநாயகரைத் தேர்ந்தெடுத்தது. பிரபுக்கள் சபைக்குள் ஒரு குழுவாக இயங்கிவந்த இறுதி நீதிமன்றம், 2009 அக்டோபரில் தனிக் கட்டடத்தில் உச்ச நீதிமன்றமாக வந்து அமர்ந்தது. அப்போது துறை உயிரோடு இல்லை, ஆனால் அடித்தளம் அதன் வேலை.

தகவல் சுதந்திரச் சட்டம் 2005 ஜனவரி 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்ததும் இந்தத் துறையின் பொறுப்பில்தான். கூடவே ஒரு கூத்தும் உண்டு: மறு வருடமே, தகவல் கேட்டு வரும் மனுக்களை எளிதாக நிராகரிக்க வழிசெய்யும் கட்டண விதி மாற்றம் ஒன்றையும் இதே துறை முன்வைத்தது. நல்லவேளை, அது பிறகு கைவிடப்பட்டது.

சரி, ஏன் மூடினார்கள்? 2006இல் உள்துறையில் பெரிய விவகாரம் வெடித்தது. நாடு கடத்துவது பற்றி யோசிக்காமலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் கைதிகளை விடுதலை செய்திருந்தார்கள். உள்துறை அமைச்சர் சார்ல்ஸ் கிளார்க்கின் பதவி போனது. அடுத்து வந்த ஜான் ரீட், உள்துறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றார். சிறைகளையும் நன்னடத்தைக் கண்காணிப்பையும் எங்காவது தள்ள வேண்டும், அவற்றை அரசமைப்பு விவகாரத் துறையோடு சேர்த்து, 2007 மே 9 அன்று நீதி அமைச்சகம் என்று பெயர் வைத்தார்கள். தலைமை நீதிபதி லார்ட் ஃபிலிப்ஸுக்கே இந்தத் திட்டம் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நீதிபதிகள் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. அப்போது இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் சுமார் 80,000 பேர் இருந்தார்கள். சிறைச் செலவும் நீதிமன்றச் செலவும் ஒரே பட்ஜெட்டில் வந்தால் எது எதைத் தின்னும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பெரிய இழப்பாகப் படுவது இன்னொன்று. முன்பு லார்ட் சான்சலர் பதவிக்கு வந்தவர்கள் அரசியலில் இனி எதுவும் வேண்டாத மூத்த வழக்கறிஞர்கள். இப்போது அது மேலே ஏற ஒரு படி. 2012இல் சட்டப் பின்புலமே இல்லாத கிறிஸ் கிரேலிங் வந்தார். 2016இல் பிரெக்ஸிட் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதிகளை ‘மக்களின் எதிரிகள்’ என்று ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டபோது, அப்போதைய லார்ட் சான்சலர் லிஸ் ட்ரஸ் பட்டும் படாமலும் ஒரு அறிக்கை விட்டதோடு சரி. நீதித்துறைச் சுதந்திரத்தைக் காப்பது அவர் கடமை என்று அந்த 2005 சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால், சிறைகளை வேறு அமைச்சரிடம் கொடுத்துவிட்டு நீதிமன்றங்களுக்கு மட்டும் ஒரு சிறிய துறை போதும். ஃபால்கனரிடம் 2006இல் இருந்தது கிட்டத்தட்ட அதுதான்.