தலசீமியா ஆய்வை வெளியிடப் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள்: கட்டலாமா?

வினா: நான் நோயியல் முதுநிலை இறுதியாண்டு மாணவி, ஊர் கடலூர். கர்ப்பிணிகளிடையே பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர் நிலை (நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பது) பற்றி ஆய்வு செய்துள்ளேன். தீசிஸ் பைண்டிங் கொடுத்த கடையில் அறிமுகமான ஒருவர், 'ஓப்பன் ஆக்சஸ் என்றாலே பணம் கட்டித்தான் போட வேண்டும். 18,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் வந்துவிடும்' என்கிறார். கட்டுரையின் பிரதியையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். பணம் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். பணம் வாங்குவதாலேயே ஓர் இதழ் மோசடி இதழ் ஆகிவிடாது. ஆனால் இதழுக்கும் உங்களுக்கும் நடுவே ஒருவர் நின்றுகொண்டு பணம் கேட்டால், அதற்குப் பிறகு ஆராய எதுவும் இல்லை. நல்ல மருத்துவ இதழ் எதுவும் தரகர் வைத்துக் கட்டுரை பிடிப்பதில்லை.

ஓப்பன் ஆக்சஸ் என்பதற்கு, சந்தா கட்டாமலே எவரும் கட்டுரையைப் படிக்கலாம், உரிமத்தில் சொல்லியுள்ளபடி எடுத்தாளலாம் என்பதுதான் பொருள். அச்செலவை யார் ஏற்பது என்பது வேறு கேள்வி. அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2016-இல் தொடங்கிய 'பிளட் அட்வான்ஸஸ்' முழுமையான ஓப்பன் ஆக்சஸ் இதழ். கட்டுரையாளரிடம் ஆயிரக்கணக்கில் டாலர் வாங்குகிறது. நம் நாட்டில் 1913 முதல் வந்துகொண்டிருக்கும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்' இதழையும் யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதில் எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் வழக்கமும் இல்லை. ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கான டி.ஓ.ஏ.ஜே. என்ற பன்னாட்டுப் பட்டியலில் உள்ளவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை கட்டணமே வாங்காதவை. ஆக, உங்களிடம் சொல்லப்பட்ட முதல் வாக்கியமே பொய்.

அடுத்தது அந்த 'ஒரே வாரம்'. உங்கள் ஆய்வை ரத்தவியல் தெரிந்த ஒருவர் மதிப்பாய்வு செய்தால் அவர் கேட்கக்கூடிய முதல் கேள்வியை இப்போதே சொல்கிறேன். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. முறையில், அவற்றுள் ஒன்றான ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களைக் கேரியர் என்று கணக்கிட்டிருப்பீர்கள்; இரும்புச்சத்துக் குறைபாடு அந்த அளவைக் கீழே இறக்கிவிடக்கூடும் என்பதால், குறைபாடு மலிந்த நம் கர்ப்பிணிகளிடையே சில கேரியர்கள் தப்பியிருக்கலாமே, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பார்த்தீர்களா, அண்மையில் ரத்தம் ஏற்றப்பட்டவர்களை விலக்கினீர்களா என்று அவர் கேட்பார். அதற்குப் பதில் தேடிப் பழைய பதிவேடுகளைப் புரட்டவே உங்களுக்கு ஒரு வாரம் போதாது. ஒரு வாரத்தில் வெளியிடுகிறவர்கள் இதைக் கேட்கப் போவதில்லை.

ஸ்கோப்பஸ் என்ற பெயரைக் கேட்டதும் மயங்கிவிட வேண்டாம். எந்தெந்த இதழ்கள் அப்பட்டியலில் உள்ளன என்பதை ஸ்கோப்பஸ் தளத்திலேயே இலவசமாகத் தேடலாம். தேடும்போது, முன்பு இருந்து பிறகு நீக்கப்பட்ட இதழா என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் நீக்கப்பட்ட பின்பும் பழைய சான்றைக் காட்டிப் பணம் பறிப்பவர்கள் உண்டு. இதைவிடக் கெட்டிக்காரர்கள், உண்மையான இதழின் பெயரையும் அதன் அடையாளமான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் எடுத்துக்கொண்டு போலித் தளம் ஒன்றை நிறுவிவிடுகிறார்கள். ஆகவே தரகர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் இணைப்பைத் தொடாமல், டி.ஓ.ஏ.ஜே. பக்கத்திலிருந்தே இதழின் தளத்துக்குச் செல்லுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான 'பப்மெட்டில் வரும்' என்பதும் உறுதிமொழி ஆகாது. அமெரிக்க அரசு நிதியில் நடந்த ஆய்வுகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தாக வேண்டும் என்ற விதியால், தரமற்ற இதழில் வந்த தனிக் கட்டுரைகள்கூடப் பப்மெட்டில் தென்படும். தேர்ந்தெடுத்த இதழ்களுக்கு மட்டும் இடம் தரும் மெட்லைன் பட்டியலில் இதழ் உள்ளதா என்று கேளுங்கள். இவற்றை அற்ப ஏமாற்று என்று எண்ண வேண்டாம்: ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

உங்களுக்குப் பொருந்தும் வழி ஒன்று இருக்கிறது; பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஹீமட்டாலஜி அண்ட் பிளட் டிரான்ஸ்ஃபியூஷன்' போன்ற இதழ்கள் கலப்பு வகையைச் சேர்ந்தவை. கட்டுரை ஏற்கப்பட்டதும், பணம் கட்டி அதை எல்லோருக்கும் திறந்துவிடுகிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் கட்டணமின்றிச் சந்தா வழியில் வெளியிடுவார்கள், தரத்திலும் தேர்விலும் வேறுபாடு இல்லை. அப்படி வந்த பிறகும், மதிப்பாய்வில் திருத்தி ஏற்கப்பட்ட உங்கள் வேர்டு பிரதியை, அச்சகம் வடிவமைத்த பி.டி.எஃப்.பை அல்ல, 12 மாதங்கள் கழித்து உங்கள் கல்லூரி போன்ற நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்தில் வைத்துக்கொள்ள அவ்வகை வெளியீட்டாளர்கள் பலரும் அனுமதிக்கிறார்கள். எத்தனை மாதம், எந்தப் பிரதி, எந்த இடம் என்பது இதழுக்கு இதழ் மாறும். கையெழுத்திடுவதற்கு முன் ஒப்பந்தப் படிவத்தில் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள். வடிவமைக்கப்பட்ட பி.டி.எஃப்.பை வைத்துவிட்டால் அது மீறல். ஒப்பந்தம் அனுமதித்தபடி வேர்டு பிரதியை வைப்பது உங்கள் உரிமை. காட்டுமன்னார்கோவில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் அதைச் செலவின்றிப் படிப்பார்.

2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் அரசுக் கல்லூரிகளில் சந்தா இதழ்களைப் படிக்கும் வசதி பெருகியிருக்கிறது. ஆனால் முதற்கட்டம் அரசு நிறுவனங்களோடு நின்றுவிட்டதால், புதுவையைச் சுற்றி வரிசையாக நிற்கும் தனியார் மருத்துவக் கல்லூரிகளின் மாணவர்கள் இன்றும் பிறரிடம் கட்டுரை கேட்டுக் கையேந்துகிறார்கள். வாசிக்க வழி செய்யாமல், எழுதிக் குவித்தால் மதிப்பெண் என்று பதவி உயர்வுக்குக் கணக்குப் போடும் நிர்வாகம் இருக்கும்வரை பைண்டிங் கடை வாசலில் தரகர் நிற்கத்தான் செய்வார். முன்பிருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் காலத்து முதுநிலை விதிகளிலேயே, கட்டுரை 'வெளியிடப்பட்டது' அல்லது 'ஏற்கப்பட்டது' என்பதோடு 'வெளியீட்டுக்கு அனுப்பப்பட்டது' என்பதும் போதும் என்று இருந்தது. அதைச் சொல்லாமலே மாணவர்களை விரட்டிய துறைகள் எத்தனையோ. இன்று உங்களுக்குப் பொருந்தும் விதியின் வாசகத்தைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பிரதியைக் கொடுத்துவிட்டதைப் பற்றி: பதிப்புரிமைப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திடாத வரை கட்டுரை உங்களுடையதே. 'என் அனுமதியின்றி எந்த இதழுக்கும் அனுப்பக்கூடாது. அனுப்பியிருந்தால் திரும்பப் பெறுகிறேன்' என்று வழிகாட்டிப் பேராசிரியருக்கும் நகல் வைத்து இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். திரும்பப் பெறக் கட்டணம் உண்டு என்று மிரட்டுவார்கள், கொடுக்க வேண்டாம். அவசரப்படச் சொல்வதற்குக் காரணம், தரகர் சொல்லும் இதழில் ஒருமுறை வெளியாகிவிட்டால் நல்ல இதழ் எதுவும் அதே தரவை மறுபடி ஏற்காது என்பதுதான். கட்டுரையில் குடும்ப மரபு வரைபடம் ஏதேனும் இருந்தால், அந்தக் குடும்பம் தந்த ஒப்புதலில் இணையத்தில் வெளியிடுவதும் அடங்குமா என்பதை அடுத்த இதழுக்கு அனுப்பும் முன் சரிபாருங்கள். சிறு கிராமத்தில் தலசீமியா உள்ள வீடு எது என்று பெயரில்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள்.