கேளுங்கள் அக்கா: இறந்த பிள்ளையின் பெயரை ஏன் வெளியே சொல்ல வேண்டும்?

கேள்வி: அக்கா, தாய் தகப்பனிடமிருந்து எடுத்து அரச பராமரிப்பில் வைத்திருந்த பிள்ளை இறந்தால் பெயரையும் படத்தையும் பத்திரிகையில் போடுகிறார்கள். ஏற்கெனவே நொந்துபோன தாய் தகப்பனை அது இன்னும் நோகடிக்காதா? பேசாமல் விட்டால் என்ன?
- ஒரு வாசகி, எட்மன்டன், கனடா

பதில்: தங்கச்சி, உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் நீங்கள் இருக்கிற அல்பேர்ட்டா மாகாணத்திலேயே பல காலம் பேசாமல்தான் விட்டார்கள். பராமரிப்பில் இறந்த பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடச் சட்டத்தில் தடை இருந்தது. பெற்ற தாய்கூட படத்தைக் கொடுத்துச் செய்தி போடச் சொல்ல முடியாது. 'எட்மன்டன் ஜேர்னல்', 'கல்கரி ஹெரால்ட்' பத்திரிகைகள் இரண்டும் 4 ஆண்டு வழக்காடித்தான் இறப்புப் பதிவுகளை வாங்கின. 2013 நவம்பரில் கணக்கு வந்தது: 1999இலிருந்து இறந்தவர்கள் 145 பேர். அரசு அதுவரை வெளியே சொல்லியிருந்தது 56 பேரை. மிச்சம் 89 பிள்ளைகளைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது! இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பூர்வகுடிப் பிள்ளைகள் என்பதும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

எண்ணிக்கை மட்டும் தெரிந்தாலும் போதாது. மனிடோபா மாகாணத்தில் பீனிக்ஸ் சின்க்ளேர் என்று ஒரு பிள்ளை. 2005 மார்ச்சில், பிள்ளையை அடிக்கிறார்கள், அறையில் பூட்டி வைக்கிறார்கள் என்று முறைப்பாடு போனது. சிறுவர் நல அலுவலர்கள் போனார்கள். தாய் உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே நின்று கதைத்தார்கள், கைக்குழந்தையைப் பார்த்தார்கள், பீனிக்ஸைப் பார்க்கவில்லை. கோப்பை மூடிவிட்டார்கள். அந்த ஜூனிலேயே தாயும் அவரோடு வாழ்ந்தவரும் அவளைக் கொன்றார்கள். 5 வயது. 2006 மார்ச் வரை அவள் இல்லை என்பதே வெளியில் தெரியாது. பகிரங்க விசாரணை நடந்து, அதை நடத்திய டெட் ஹியூஸ் தந்த அறிக்கை 2014 ஜனவரியில் வெளிவந்தது. அதனால்தான் அந்த வாசலில் நடந்ததை நானும் நீங்களும் அறிகிறோம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்க இப்படியான அலுவலர்களோடு பல வீடுகளுக்குப் போனவள் நான். வேலை தெரிந்தவர் சப்பாத்தைக் கழற்றியதும் கேட்பது, "பிள்ளை எங்கே?" நித்திரை என்றால் கட்டிலடிக்கே போய்ப் பார்ப்பார். சாப்பாடு இருக்கிறதா என்று குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார். எங்கட சனத்துக்குக் கோபம் வரும். நான் மொழிபெயர்த்துக்கொண்டே, 'பார்க்க விடுங்கோ' என்று மனதுக்குள் மன்றாடுவேன்.

2014இல் அல்பேர்ட்டா, பெயரையும் படத்தையும் வெளியிடக்கூடாது என்ற அந்தத் தடையை எடுத்தது. பெயர் வெளியே வர வேண்டாம் என்கிற குடும்பம் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. அழுகிற தாய்தான் முடிவெடுக்க வேண்டும், பிள்ளையைப் பொறுப்பெடுத்த அலுவலகம் அல்ல.

உங்கள் மாகாணத்துச் சிறுவர், இளையோர் உரிமைக் காவலர் அலுவலகம் விசாரணை அறிக்கைகளை வெளியிடுகிறது. பெயரை மாற்றித்தான் எழுதுவார்கள். ஒன்றை எடுத்து முழுதாக வாசியுங்கள். அதற்குப் பிறகும் பேசாமல் விடலாம் என்று பட்டால் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.